கட்டையை அறுக்கும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "துப்பாக்கிக் கட்டை உடம்புக்குப் பொருந்தாவிட்டால், குறி தவறுவதற்குச் சுடுபவரை மட்டும் திட்டிப் பயனில்லை." அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்து ஆசிரியர் இந்த இதழில் எனக்கு முழுப் பகுதியையும் ஒதுக்கிவிட்டார்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் ராணுவத்தில் 24 ஆண்டுகள் ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுதுபார்ப்பவனாக இருந்தவன். இப்போது கோவையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், போட்டிக்குச் சுடும் பிள்ளைகளின் ஏர் ரைஃபிள் கட்டைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். குழலையும் விசையையும் தாங்கி, தோளுக்கும் கன்னத்துக்கும் கைக்கும் இடம் கொடுக்கிற பகுதியைத்தான் கட்டை என்கிறேன். கிளப்பில் ஸ்டாக் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

என் மகளுக்கு வயது 13, உயரம் 148 செ.மீ. எட்டு மாதமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறாள். வீட்டுக்கு வந்தால் கழுத்தும் இடுப்பும் வலிக்கிறது என்கிறாள். "பழகிவிடும்" என்கிறார் பயிற்சியாளர். மரக்கட்டை உள்ள பழைய ரைஃபிள் ஒன்றை வாங்கியிருக்கிறோம். எங்கள் தெருத் தச்சரிடம் கொடுத்துப் பின்பக்கம் 2 அங்குலம் அறுத்துவிடலாமா?
*ஒரு தாய், ஈரோடு*

அறுக்காதீர்கள் அம்மா. இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரையாவது ரம்பத்தை எடுக்க விடாதீர்கள்.

"பழகிவிடும்" என்ற சொல்லை நான் வெறுக்கிறேன். கடிக்கிற செருப்பும் பழகும்தான். ஆனால் நடை கோணலாகிவிடும். உங்கள் மகள் நின்றுகொண்டு சுடுகிறாள். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, அந்தக் கை மீது ரைஃபிளை உட்காரவைத்து, உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து நிற்கவேண்டும். எடை எலும்பு வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும், தசை தூக்கக் கூடாது. விதிப்படி 10 மீட்டர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். போட்டியில் 60 குண்டு. இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்த புள்ளி அளவு. இவ்வளவையும் தாங்கி நிற்கிற பெண்ணுக்குக் கட்டை நீளமாக இருந்தால் என்ன ஆகும்? விசையை எட்டுவதற்காகத் தோளைப் பின்னால் தள்ளுவாள், இடுப்பு வளையும். குறிபார்க்கிற பின் சைட்டின் துளைக்குக் கண்ணைக் கொண்டுபோகக் கழுத்தை ஆமை மாதிரி நீட்டுவாள். உங்கள் கடிதத்தில் இருக்கிற இரண்டு வலியும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்று நினைக்கிறேன்.

முதலில் பின்புறத் தோள்தட்டைப் பாருங்கள். போட்டிக்காகச் செய்த ரைஃபிளாக இருந்தால் அதை முன்னும் பின்னும் நகர்த்தவும், மேலும் கீழும் ஏற்றி இறக்கவும் திருகுகள் இருக்கும். என்னிடம் வருகிற ரைஃபிள்களில் பாதிக்கு, அந்தத் திருகைத் தொழிற்சாலைக்குப் பிறகு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். காரணம் கேட்டால் ஆலன் சாவி தொலைந்துவிட்டது என்பார்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற ஒரு சின்னச் சாவிக்காக ஒரு பிள்ளையின் கழுத்து எட்டு மாதம் வலிக்க வேண்டுமா?

திருகைத் திருப்பும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். துப்பாக்கியில் குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, மகளைச் சுடும் சட்டை, சுடும் காலணி எல்லாம் அணிந்து நிற்கச் சொல்லுங்கள். சட்டை முக்கியம், அந்தத் தடித்த கித்தான் சட்டை தோளுக்கும் தட்டுக்கும் நடுவே புகுந்து கட்டையை நீளமாக்கிவிடும். வீட்டுச் சட்டையில் எடுத்த அளவு ரேஞ்சில் உதவாது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைக்கட்டும். தலையைத் தேடிக் குனியக் கூடாது. கழுத்துக்கு எங்கே சுகமோ அங்கே கன்னம் படியட்டும். நாலைந்து மூச்சு விட்டபின் கண்ணைத் திறக்கட்டும். பின் சைட்டின் துளைக்கு நடுவில் முன் சைட்டின் வளையம் தெரிந்தால் கட்டை சரி. துளையின் கீழ் விளிம்பு கண்ணை மறைத்தால் கன்னம் தாழ்வாக இருக்கிறது, கன்னக்கட்டையை உயர்த்த வேண்டும். மேல் விளிம்பு மறைத்தால் இறக்க வேண்டும். தலை குனிந்தால்தான் சைட்டுக்கே போகமுடிகிறது என்றால் தோள்தட்டைக் கீழே இறக்குங்கள். தட்டு இறங்க இறங்கக் குழல் கண்ணை நோக்கி மேலே வரும், கழுத்து நிமிரும்.

முழங்கை மடிப்பில் கட்டையின் அடியை வைத்து, விரல் விசையை எட்டுகிறதா என்று பார்க்கிற பழைய அளவு ஒன்று உண்டு. கடையில் ஏமாறாமல் இருக்க அது போதும். அதை வைத்துக்கொண்டு மரத்தை அறுக்கக் கூடாது. அந்த அளவுக்குக் கழுத்தின் நீளமும் தெரியாது, தோளின் அகலமும் தெரியாது.

எல்லாத் திருகையும் திருப்பிப் பார்த்தும் நீளமாகவே இருந்தால், சரி, அறுக்கத்தான் வேண்டும். ஆனால் 2 அங்குலம் வேண்டாம். ஒரு தடவைக்கு 1 செ.மீ. அறுத்து, தட்டைப் பூட்டி, பத்து நாள் சுட்டுப் பார்த்து, பிறகு அடுத்த சென்டிமீட்டர். அறுக்கும் இடத்தைச் சுற்றி ஒட்டுநாடாவை இறுக்கிச் சுற்றுங்கள், ரம்பம் வெளியேறும் பக்கம் மரம் சிலும்பாது. அறுக்கிற கோடு பழைய அடிப்பாகத்தின் சாய்வுக்கு இணையாக இருக்கவேண்டும். தச்சர் பழக்கதோஷத்தில் மூலைமட்டம் வைத்து நேராக அறுத்துவிடுவார். அப்புறம் தட்டின் கீழ்முனை மட்டும் நெஞ்சில் குத்தும்.

அறுத்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கொட்டகை போட்ட புதிதில் 12 வயதுப் பையன் ஒருவனுக்கு, தகப்பனார் வற்புறுத்தினார் என்று ஒரே மூச்சில் 4 செ.மீ. அறுத்துக் கொடுத்தேன். துண்டு அன்று மாலையே வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது. இரண்டு ஆண்டு கழித்து வந்தான். என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தான். அதே ரேகை, அதே நிறத்தில் வால்நட் துண்டு தேடி நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். கடைசியில் வேறு மரத்தில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். இன்றும் அவன் ரைஃபிள் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கிறது. அதிலிருந்து அறுக்கிற ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் தேதி எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுகிறேன். மகள் வளர வளர அதையே திரும்ப வைத்துத் திருகிக்கொள்ளலாம்.

கல்லூரி அணியில் ஏர் ரைஃபிள் சுடுகிறேன். எனக்கு உள்ளங்கை பெரியது, விரல்கள் குட்டை. கைப்பிடியைப் பிடித்தால் ஒரு பக்கம் இடைவெளி, ஆனாலும் விசை எட்டவில்லை. எம்-சீல் (பிசைந்து அப்பினால் இறுகும் புட்டி) வைத்து நிரப்பலாம் என்கிறார்கள். எப்படி?
*மாணவர், மதுரை*

தம்பி, கேள்வியிலேயே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டீர்கள். விரல் எட்டவில்லை என்றால் கைப்பிடியின் பின்புறத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவை உட்காருகிற இடத்தில், மரம் அதிகமாக இருக்கிறது. உள்ளங்கையில் இடைவெளி என்றால் பக்கவாட்டில் மரம் குறைவாக இருக்கிறது. ஓரிடத்தில் எடுக்க வேண்டும், ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். சேர்ப்பதை முதலில் செய்யுங்கள். சேர்த்தது பிடிக்காவிட்டால் அரத்தால் தேய்த்துவிடலாம். மரத்தை எடுத்தது தவறாகிவிட்டால் பிறகு வாழ்நாள் முழுவதும் புட்டி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் செய்கிற முறை இது. கைப்பிடியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால் விசைப்பகுதிக்குள் தூசி போகாதபடி நன்றாக மூடிக் கட்டுங்கள். புட்டி வைக்கிற இடத்தில் மட்டும் வார்னிஷைச் சுரண்டி, 80ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். வழவழப்பில் எம்-சீல் ஒட்டாது. மூன்றாம் மாதம் ஓடு மாதிரி கழன்று கையோடு வரும். இரண்டு நிறமும் ஒன்றாகும் வரை பிசைந்து, வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அப்புங்கள். அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்துங்கள். வீட்டில் இட்லி மாவுக்கு வாங்கி வைத்திருக்கிற பை போதும். கொஞ்சம் தண்ணீர் தடவினால் ஒட்டாது. இப்போது சுடும் நிலையில் நின்று, சுடும்போது எவ்வளவு மென்மையாகப் பிடிப்பீர்களோ அவ்வளவு மென்மையாகப் பிடியுங்கள். எல்லோரும் தவறுவது இங்கேதான். அச்சு நன்றாக விழட்டும் என்று முஷ்டியை இறுக்கிவிடுவார்கள். இறுக்கிய கைக்குச் செய்த கைப்பிடி, தளர்ந்த கைக்கு ஆகாது. சப்பாத்தி உருட்டுகிற கட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் பிடித்தால் போதும்.

மறுநாள் இறுகியபின் அரைவட்ட அரத்தால் விரல் பள்ளங்களின் விளிம்பைத் தணியுங்கள். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி அறை கட்டாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும். கை ஒரு மில்லிமீட்டர் மாறி உட்கார்ந்தால் நாலு விரலும் நாலு பக்கம் இழுக்கும். வியர்வை காலத்தில் கை வீங்கும் என்பதையும் மறக்காதீர்கள். மதுரைக் காரருக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

பிறகு பின்புறக் கவையில் மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். எதுவரை? ஆள்காட்டி விரலின் முதல் கணுவில், ரேகை சுழிக்கிற சதைப்பகுதி விசையில் படிந்து, விரல் நேராகப் பின்னோக்கி நகர வேண்டும். விரலின் அடிப்பக்கம் கட்டையின் பக்கவாட்டில் உரசக் கூடாது. உரசினால் விசையை இழுக்கும்போது கட்டையையும் சேர்த்துப் பக்கத்தில் தள்ளுவீர்கள். அரைமில்லிமீட்டர் வட்டத்துக்கு அந்தத் தள்ளல் ரொம்பப் பெரியது.

போட்டிக்குப் போகிறவர் என்பதால் ஓர் எச்சரிக்கை. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் கட்டைவிரல் நுழையும் துளை, கட்டைவிரல் தாங்கி, உள்ளங்கைத் தாங்கி, கை வழுக்காமல் நிறுத்துகிற மேடை ஆகிய எதையும் விதி அனுமதிப்பதில்லை. பிடி வழுக்குகிறது என்று உப்புத்தாளோ ரப்பரோ ஒட்டவும் கூடாது. புட்டி வைக்கிற உற்சாகத்தில் கைப்பிடியின் அடியில் ஒரு திண்ணை கட்டிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உபகரணச் சோதனை மேசையில் கத்தி கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

தோப்பில் டப்பா சுட்டு விளையாட, குழலை மடக்கிக் குண்டு போடுகிற ஸ்பிரிங் ஏர்கன் வாங்கினேன். பத்துக் குண்டு சுட்டால் கன்னத்து எலும்பு வலிக்கிறது, ஒரு நாள் சிவந்தே விட்டது. ஏர்கன்னுக்கு உதை உண்டா?
*வாசகர், இராஜபாளையம்*

உண்டு. அது இரட்டை உதை. விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் வருகிறது. பிஸ்டன் முன்சுவரில் போய் மோதியதும் துப்பாக்கி முன்னால் குதிக்கிறது. இரண்டும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். உங்கள் கன்னம் பட்டிருக்கிற மரம் அதற்குள் ஒரு தடவை வந்து, ஒரு தடவை போகிறது.

எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க என் மனைவியின் பவுடர் டப்பாதான் எனக்கு ஆயுதம். கன்னத்தில் பவுடரை நன்றாக அப்பிக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்து எடுங்கள். கறுத்த கட்டையில் வெள்ளைத் தடம் விழும். அகலமாக, உள்ளங்கையில் பாதி அளவுக்குத் தடம் விழுந்தால் நல்லது. உங்களுக்கு மேல்விளிம்பில் ஒரு கோடுதான் விழுந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். மலிவான கட்டைகளில் அந்த விளிம்பை இயந்திரம் விட்டபடியே விட்டிருப்பார்கள். தடம் விழுந்த கோட்டை மட்டும் அரத்தால் உருட்டி, மறுபடி பவுடர், மறுபடி அரம். கோடு பட்டையாக ஆகும் வரை இதுதான் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கன்னம் படுகிற மேல்கோடு முன்னால் போகப் போக உயர்ந்துகொண்டே போனால், உதைக்கும்போது அந்த ஏற்றம் வந்து எலும்பில் இடிக்கும். அதைச் சமமாகவோ, முன்பக்கம் ஒரு நூல் தாழ்வாகவோ ஆக்கிவிட்டால் உதைக்கையில் மரம் கன்னத்தை விட்டு விலகும். ஸ்பாஞ்சு ஒட்டாதீர்கள். தலை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஆழத்துக்கு அமுங்கும். டப்பாவுக்கு ஆபத்தே இருக்காது.

நான் ஓய்வுபெற்ற தலைமைக் காவலர். பயிற்சியில் .303 ரைஃபிள். சிலருக்கு அது கச்சிதமாக உட்காரும், எனக்கு மட்டும் தோளை விட்டு நழுவும். "உன் உடம்பு சரியில்லை" என்பார்கள். உண்மையிலேயே ரைஃபிளுக்கு ரைஃபிள் வித்தியாசம் இருந்ததா?
*வாசகர், வேலூர்*

இருந்தது ஐயா. உங்கள் உடம்பில் குறையில்லை.

நீங்கள் சொல்கிற .303, அதாவது லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் கட்டை இரண்டு துண்டு. முன்கட்டை தனி, தோளில் வைக்கிற பட் தனி. அந்தப் பட் பகுதியையே பல நீளத்தில் செய்தார்கள். சாதாரண அளவு ஒன்று, அதைவிட அரை அங்குலம் நீளமானது ஒன்று, அரை அங்குலம் குட்டையானது ஒன்று, அதனினும் குட்டையானது இன்னொன்று. நீளமானதன் மரத்தில் 'எல்', குட்டையானதில் 'எஸ்', மிகக் குட்டையில் 'பி' என்று ஆங்கில எழுத்தை அடித்திருப்பார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய படைக்கே ஆளுக்கு ஆள் கை நீளம் வேறு என்று தெரிந்திருந்தது. ஆனால் படையிலிருந்து காவல் பயிற்சிக்கும் என்.சி.சி.க்கும் வந்து சேர்ந்தபோது, கிடைத்ததைக் கொடுப்பது என்றாகிவிட்டது. உங்கள் கைக்கு வந்தது ஒருவேளை 'எல்' எழுத்துள்ளதாக இருந்திருக்கும். உங்கள் பக்கத்து ஆளின் ரைஃபிளை ஒரு நாள் மாற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்; ஆனால் மாற்றினால் கிடைக்கிற தண்டனையும் நமக்குத் தெரியும்.

பட் பகுதியைக் கழற்றுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. பட்டின் அடித்தட்டில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து நீளமான திருப்புளியை உள்ளே விட்டால், பட் பகுதியை ரைஃபிளோடு பிணைக்கிற நீள போல்ட் அகப்படும். பார்த்தால் திருப்ப வேண்டியதுதானே என்று தோன்றும். திருப்பக் கூடாது. பழைய எண்-1 மாதிரியில் அந்த போல்ட்டின் முன்முனை சதுரம். அது முன்கட்டையின் பின்முனையில் உள்ள தகட்டில் பொருந்தி நிற்கும். முன்கட்டையை முதலில் கழற்றாமல் போல்ட்டைத் திருப்பினால், அந்தச் சதுரம் ஆப்பு மாதிரி சுழன்று முன்கட்டையைப் பிளந்துவிடும். பயிற்சிக் காலத்தில் அவசரக்குடுக்கையாக நான் அதைச் செய்தேன். முறுக்கு உடைகிற சத்தம்தான் வந்தது. பயிற்றுநர் திட்டவில்லை. பிளந்த முன்கட்டையை என் கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டச் சொன்னார். பயிற்சி முடிகிற வரை தினமும் அதன் கீழேதான் படுத்தேன்.

தாத்தா காலத்து 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி, இப்போது என் பெயரில் உரிமத்தோடு இருக்கிறது. எஸ்டேட்டில் வருடத்துக்கு ஒரு முறை தகரப் பலகையில் சுட்டுப் பார்ப்பேன். எல்லாம் இடது பக்கம் விழுகிறது, தோளும் கன்றிப் போகிறது. உங்களிடம் அனுப்பினால் சீவித் தருவீர்களா?
*வாசகர், வால்பாறை*

தரமாட்டேன், மன்னிக்கவும். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கோவைக்கு வந்துவிடவும் வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். அது என்னிடம் இல்லை, உங்கள் ஊர்த் தச்சரிடமும் இருக்காது. நான் கை வைப்பது 20 ஜூலுக்குக் குறைந்த சக்தியுள்ள 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளில் மட்டும். உரிமம் உள்ள ஆயுதக் கடையில் கொடுங்கள். அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதை வேண்டுமானால் சொல்கிறேன்.

இந்தத் துப்பாக்கியில் பின் சைட் கிடையாது. உங்கள் கண்தான் பின் சைட். எனவே ரைஃபிளில் கட்டை பொருந்தாவிட்டால் பெரும்பாலும் வலிதான் வரும்; இதில் குறியே வேறு இடத்துக்குப் போகும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்குச் சன்னங்கள் இடது பக்கம் விழுகின்றன என்றால், கண் குழலின் நடுக்கோட்டுக்கு வராமல் இடப்பக்கம் நிற்கிறது. தாத்தா ஒல்லியான முகமாக இருந்திருப்பார், உங்களுக்குச் சதைப்பிடிப்பான கன்னம். சரியா? கட்டையை வலப்பக்கம் ஒரு சின்ன அளவு வளைத்தால் கண் நடுவுக்கு வந்துவிடும். மரத்தை வளைக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். பழைய கைவினைஞர்கள் கட்டையின் இடுப்பில், அதாவது கைப்பிடி மெலிகிற இடத்தில், துணி சுற்றி, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மேலே ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சூடு மரத்துக்குள் இறங்கியதும் இரும்புச் சட்டத்தில் வைத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, அப்படியே ஆறவிடுவார்கள். தெரிந்த கை செய்தால் நிற்கும். தெரியாத கை செய்தால் தாத்தாவின் துப்பாக்கி இரண்டாகும். அப்படிச் செய்யத் தெரிந்தவர் கடையில் இல்லையென்றால், கன்னம் படுகிற பக்கத்தை மட்டும் மெலிதாகச் சீவச் சொல்லுங்கள்; பலன் ஏறக்குறைய அதேதான்.

தோள் கன்றுவதற்கு ரப்பர் பட்டை வையுங்கள். ரப்பர் எத்தனை தடிமனோ அத்தனை மரத்தை அறுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் நீளம் கூடிவிடும். அறுத்த துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காரணத்தை ஈரோட்டு அம்மாவுக்கு எழுதிய பதிலில் பார்க்கவும்.

வீட்டில் அருமையான பழைய தேக்குத் தூண் இருக்கிறது. அதில் ரைஃபிள் கட்டை செய்யலாமா?
*வாசகர், காரைக்குடி*

தூணை விட்டுவையுங்கள். தேக்கில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது. உள்ளே மணல் சத்து இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். மெலிந்த இடத்தில் ரேகை வழியாகப் பிளக்கும். வால்நட் கேட்டுப் பாருங்கள், காஷ்மீரிலிருந்து வருகிறது. எந்த மரமானாலும் கைப்பிடி மெலிகிற இடத்தில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். அங்கே ரேகை குறுக்கே வெட்டிப் போனால், எவ்வளவு அழகான பலகையானாலும் விறகுதான்.

எழுதுவது வலது கையால். ஆனால் இடது கண்தான் கூர்மை என்கிறார் பயிற்சியாளர். எந்தத் தோளில் வைப்பது?
*மாணவி, திருச்சி*

இப்போதுதான் ஆரம்பம் என்றால் இடது தோளுக்கு மாறிவிடுங்கள். ஒரு மாதம் எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான். பல ஆண்டு சுட்டவர் என்றால் வலது தோளிலேயே இருந்து, இடது கண்ணுக்கு முன் சின்ன மறைப்புத் தகடு மாட்டிக்கொள்ளுங்கள். எதுவானாலும் வலக்கைக்குச் செய்த கட்டையை இடத்தோளில் வைத்து ஒப்பேற்றாதீர்கள். கன்னக்கட்டை தப்பான பக்கம் இருக்கும். நீங்கள் காற்றில் கன்னம் வைப்பீர்கள்.

உங்களிடம் சொந்தமாக எத்தனை துப்பாக்கி இருக்கிறது?
*வாசகர், கும்பகோணம்*

ஒரு பழைய ஏர் ரைஃபிள். அதன் கட்டை எனக்கே பொருந்தாது. பிள்ளைகளின் அளவைச் சோதிக்க அறுத்து அறுத்து ஒட்டியதில் அதற்கு இப்போது ஆறு ஒட்டு. கறுப்பாக இருப்பதால் தையல்காரரின் கிழிந்த கோட்டு என்று மனைவி பெயர் வைத்திருக்கிறாள்.

ஏர் ரைஃபிள் கட்டையைச் சீவிய இடத்தில் மரம் வெளுத்துத் தெரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா, வார்னிஷ் அடிக்கலாமா?
*வாசகர், நாகர்கோவில்*

தேங்காய் எண்ணெய் தலைக்கு. அது காயாது, கட்டையில் தடவினால் பிசுபிசுத்து, தூசி பிடித்து, கொஞ்ச நாளில் சிக்கு நாற்றம் அடிக்கும். கடை வார்னிஷ் கண்ணாடி மாதிரி பளபளக்கும். வியர்த்த கன்னத்தில் ஒட்டிக்கொண்டு தோலை இழுக்கும். காய்கிற எண்ணெய்தான் வேண்டும், ஆளிவிதை எண்ணெய். பெயிண்ட் கடையில் காய்ச்சியதாகக் கேளுங்கள், பச்சை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும்.

சீவிய இடத்தை 120, 240, 400 என்று படிப்படியாக உப்புத்தாள் போட்டபின், ஈரத்துணியால் ஒரு தடவை துடையுங்கள். படுத்திருந்த மர இழையெல்லாம் முள் மாதிரி எழும்பும். காய்ந்ததும் 400இல் லேசாக ஒரு தடவை தேய்த்துவிட்டால் பிறகு வியர்வை பட்டாலும் எழும்பாது. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு உள்ளங்கையால் சூடேறத் தேயுங்கள். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். மறுநாள் அடுத்த பூச்சு. ஐந்தாறு பூச்சில் பழைய மரத்தோடு நிறம் சேர்ந்துவிடும். அவசரப்பட்டுத் தடியாகப் பூசினால் மேலே ஆடை கட்டும், உள்ளே ஈரமாகவே இருக்கும்.

துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானே பற்றிக்கொள்ளும். என் கொட்டகையில் ஒரு சித்திரை மதியம் சீவல்தூள் மூட்டைக்குப் பக்கத்தில் புகை வந்தபோதுதான் நான் இதை நம்பினேன். துணியை விரித்து, வெளியே கொடியில் ஒற்றை மடிப்பாகக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கிவையுங்கள். வாளியில் போட்டால், அது எண்ணெய்த் தண்ணீர் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.